புது பைக்கில் ஆயில் குறைகிறதா? ஊற்றும் முன் ஒழுங்காக அளந்து பாருங்கள்

கேள்வி: 100 சிசி பைக் வாங்கி மூன்று வாரம் ஆகிறது, 350 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேற்று ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால், குச்சியின் நுனியில் ஆயில் பட்டும் படாமலும் இருந்தது. முதல் சர்வீஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆயில் வாங்கி ஊற்றிவிடலாமா? அதுவரை ஓட்டலாமா?

பதில்: உடனே ஊற்ற வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: பார்க்கும்போது வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றதா? அப்படியானால் அந்த அளவை நம்ப முடியாது. நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆயில் குச்சி எஞ்சினின் வலது பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும், உள்ளே இருக்கும் ஆயிலும் அந்தப் பக்கமே ஒதுங்கும். ஆயில் போதுமான அளவு இருந்தாலும் குச்சியில் ஒட்டாது. புது வண்டிக்காரர்கள் “ஆயில் இல்லை” என்று பதறுவதற்கு முதல் காரணம் இதுதான். அந்தப் பதற்றத்தில் 300 மில்லி ஊற்றிவிடுகிறார்கள், அசல் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சரியாக அளப்பது இப்படி. வண்டியைச் சமதரையில் மெயின் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். வாசல் சரிவு, கார் ஏற்றும் சாய்தளம் எதுவும் ஆகாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் 3 நிமிடம் ஓட விடுங்கள். அணைத்துவிட்டு 2 முதல் 3 நிமிடம் காத்திருங்கள். ஓடும் எஞ்சினில் ஆயிலின் ஒரு பகுதி மேலே ஹெட்டிலும், கிளட்ச், கியர்களின் மேலும் இருக்கும். அது கீழே இறங்கி வர அவ்வளவு நேரம் வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் திறக்கும்போது அந்த மண் உள்ளே விழும். குச்சியை எடுத்து நூல் உதிராத பனியன் துணியால் துடையுங்கள். பிறகு மறுபடி உள்ளே விட்டு, எடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் குச்சியை மரையில் சுற்றி இறுக்காமல், மரை மேல் அப்படியே உட்கார வைத்து எடுக்க வேண்டும். இறுக்கினால் குச்சி மரையின் உயரத்துக்குக் கூடுதலாக உள்ளே இறங்கும். குறைவாக இருக்கும் ஆயிலும் நிறைவாகத் தெரியும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் இல்லாத குறை தெரிகிறது, இறுக்கிப் பார்த்தால் இருக்கும் குறை மறைகிறது. எல்லாக் கம்பெனியிலும் ஒரே முறை இல்லை என்பதால், உங்கள் வண்டிக் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

குச்சியில் மேல்கோடு, கீழ்க்கோடு என்று இரண்டு குறிகள் இருக்கும். நடுவே சிறு கட்டம் போட்ட பகுதி. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சரிதான், மேல்கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால் டாப்-அப் செய்யலாம். சரியான முறையில் இரண்டு முறை பார்த்தும் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். 100 சிசி எஞ்சினில் மொத்த ஆயிலே ஏறக்குறைய 700 மில்லியிலிருந்து 1 லிட்டர்தான். அதில் 250 மில்லி குறைந்தால் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கியர், கிளட்ச், பிஸ்டன் மூன்றுக்கும் அதே ஆயில்தான். இந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆயில் குறைந்தால் எரியும் விளக்கும் கிடையாது. எனவே மாதம் இரண்டு முறை குச்சியை எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றும்போது ஒரே தடவையில் 50 மில்லிக்கு மேல் வேண்டாம். ஆயில் டப்பாவின் பக்கவாட்டில் அளவுக்கோடு போட்ட மெல்லிய ஜன்னல் பல டப்பாக்களில் உண்டு. இல்லையென்றால் மில்லி குறித்த பழைய பால்புட்டி போதும். 50 மில்லி ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வேண்டுமானால் இன்னொரு 50. மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்திவிடுங்கள். மூடியை மாட்டும்போது அதன் ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடங்கிய வளையத்தின் வழியாக ஆயில் கசிந்து, கால் வைக்கும் இடமெல்லாம் பிசுபிசுக்கும்.

கேள்வி: என் மகன் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டான். “கூட இருந்தால் நல்லதுதானே” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியே விடலாமா?

பதில்: விடக் கூடாது. எஞ்சினுக்குள் ஆயில் மட்டம் உயர்ந்தால், பிஸ்டனோடு இணைந்து சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்துக் கடையும், மோர் கடைவது போல நுரை வரும். நுரைத்த ஆயில் உராயும் இடங்களில் சரியாகப் படலம் போடாது. உள்ளே காற்றழுத்தமும் ஏறும். அந்த அழுத்தம் மூச்சுக் குழாய் வழியாக ஆயிலை ஏர் ஃபில்டர் பெட்டிக்குத் தள்ளும். ஃபில்டர் நனைந்தால் பிக்கப் போகும், பிளக் கருக்கும், சைலன்சரில் நீலப்புகை வரும். பிஎஸ்-6 வண்டிகளில் சைலன்சருக்குள் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் எரிந்த ஆயில் கெடுதல். அது விலை கூடிய பாகம். ஆயில் சீல்கள் வழியாகவும் கசியத் தொடங்கலாம்.

கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு என்றால் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் என்றால் எடுத்துவிடுங்கள். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்சும் ஒரு குளுக்கோஸ் குழாயும் கிடைக்கும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது குச்சித் துளை வழியாகக் குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கலாம். சில எஞ்சின்களில் குழாய் அடிவரை இறங்காது, உள்ளே கியர் தட்டும். வலிந்து திணிக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் அவர்கள் கையாலேயே குறைக்கச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை வீட்டில் தளர்த்திப் பார்க்கும் வேலை வேண்டாம். அலுமினிய மரை ஒரு முறை தேய்ந்தால் செலவு பெரிது.

கேள்வி: ஆயில் கடையில் “இது ஃபுல் சிந்தெட்டிக், காருக்கே ஊற்றுகிறோம், பைக்குக்கு இன்னும் நல்லது” என்று ஒரு டப்பா தந்தார்கள். ஊற்றலாமா?

பதில்: கார் ஆயில் பைக்குக்கு வேண்டாம், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும். காரில் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைவதில்லை. கியர் உள்ள பைக்கில் கிளட்ச் தட்டுகள் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்கும் சரக்கு அந்தத் தட்டுகளையும் வழுக்க வைக்கும். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி இழுக்காமல் நிற்கும். அதுதான் கிளட்ச் ஸ்லிப்.

டப்பாவின் பின்புறம் மூன்று விஷயங்களைப் படியுங்கள். முதலாவது கெட்டித்தன்மை: 10டபிள்யூ-30, 15டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். கையேடு சொல்வது எதுவோ அதுவே. ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50, ஹீரோ, ஹோண்டாவின் சிறிய வண்டிகளுக்கு 10டபிள்யூ-30. இரண்டாவது ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக் குறி. ஈரக் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கு இது கட்டாயம். ஜாசோ எம்பி என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது, பைக்கில் ஊற்றாதீர்கள். வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் டப்பாவை மாற்றி எடுக்கிறார்கள். மூன்றாவது ஏபிஐ என்ற அமெரிக்கத் தரம்: எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேறப் புதிய தரம். கையேடு கேட்பதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் போதும். வட்டமான ஏபிஐ முத்திரையின் கீழ்ப்பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ (எரிபொருள் மிச்சப்படுத்துவது) என்று இருந்தால் அந்த டப்பா பைக்குக்கு வேண்டாம்.

மினரலும் சிந்தெட்டிக்கும் கலந்துவிட்டால் எஞ்சின் கெட்டுவிடும் என்பது பயம்தான். அவசரத்துக்கு 100 மில்லி வேறு பிராண்டு ஊற்றினாலும் கெட்டித்தன்மையும் ஜாசோ குறியும் பொருந்தினால் அடுத்த ஆயில் மாற்றம் வரை ஓட்டலாம். பேரலிலிருந்து பிடித்துத் தரும் லூஸ் ஆயிலை மட்டும் எந்த அவசரத்துக்கும் வாங்காதீர்கள். லாரி ஆயிலா, பழைய ஆயிலா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: 350 சிசி வண்டியில் குச்சி இல்லை, வட்டக் கண்ணாடிதான். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் காலி. காலையில் பார்த்தால் நிறைவு. எது சரி?

பதில்: இரண்டுமே சரியான அளவு இல்லை. அணைத்த உடனே பார்த்தால் ஆயிலின் ஒரு பகுதி எஞ்சினின் மேல்பாகங்களிலேயே இருக்கும், கண்ணாடியில் தெரியாது. இரவு முழுக்க நின்ற பிறகு பார்த்தால் எல்லாம் இறங்கிச் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். எஞ்சின் சூடாகி, அணைத்து, சில நிமிடம் கழித்து, வண்டி நேராக நிற்கும்போது கண்ணாடியின் இரு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டியை இன்னொருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, நீங்கள் கண்ணாடிக்கு நேராகக் குனிந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் மட்டம் தவறாகத் தெரியும்.

கேள்வி: 600 கிலோமீட்டரில் ஆயில் கருத்துவிட்டது. குச்சியில் மினுமினுவென்று ஏதோ தெரிகிறது.

பதில்: கருப்பு நிறம் கெடுதல் இல்லை. ஆயில் அழுக்கைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கிறது, அது அதன் வேலை. புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பதப்படும்போது மெல்லிய உலோகப் பொடி வரும். முதல் சர்வீஸில் ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வது அதற்காகத்தான். எனவே முதல் சர்வீஸில் டாப்-அப் மட்டும் செய்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விரலில் உரசினால் நெருடும் துகள்கள் இருந்தாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, பெட்ரோல் வாடையோடு மட்டம் உயர்ந்துகொண்டே போனாலோ, ஓட்டாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். பால் காபி நிறம் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். மழை வெள்ளத்தில் எஞ்சின் மூழ்கிய வண்டியில் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது.

கேள்வி: ஃப்ரீ சர்வீஸ் என்றார்கள். 200 மில்லி டாப்-அப் செய்துவிட்டு 900 மில்லி டப்பாவுக்கு முழுப் பணம் வாங்கிவிட்டார்கள். கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேட்கலாம். ஃப்ரீ சர்வீஸில் பொதுவாகக் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்குப் பணம் வாங்குவது தவறில்லை. ஆனால் முழு டப்பாவுக்குப் பணம் கொடுத்திருந்தால் மீதி 700 மில்லி உங்களுடையது. டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், மீதியை மூடி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினால் அது சட்டப்படி தவறு. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

காலி டப்பாவையும் கேட்டு வாங்கி, லேபிளைக் கிழித்து, கத்தியால் கீறிப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு நல்ல டப்பா கிடைப்பதே பழைய டப்பா சேகரிப்பில்தான். நீங்கள் வாங்கும்போதும் மூடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா, வாய்க்குள் ஒட்டிய சீல் சரியாக இருக்கிறதா, டப்பாவில் அச்சிட்ட பேட்ச் எண் பளிச்சென்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சரியாக அளந்தும் மாதா மாதம் குறைகிறது. “புது வண்டி, அப்படித்தான்” என்கிறார்கள் ஷோரூமில்.

பதில்: பிஸ்டன் ரிங்குகள் பதப்படும் முதல் 1000 கிலோமீட்டரில் கொஞ்சம் குறையலாம். அதற்குப் பிறகும் குறைந்தால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு அளவோடு போங்கள். மேல்கோடு வரை சரியாக நிரப்பி, கிலோமீட்டர் எண்ணோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டி, அதே தரையில், அதே முறையில் அளந்து, பழைய கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி வேண்டியிருந்தது என்று குறியுங்கள். வெளியே கசிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினைக் குளிர்ந்த பிறகு துடைத்து, டிரெயின் போல்ட், கவர் இணைப்பு, செயின் பக்கம் கியர் ஷாஃப்ட் சீல் ஆகிய இடங்களில் முகப்பவுடர் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டினால் ஈரம் படர்ந்த கோடு கசிவின் இடத்தைக் காட்டிவிடும். செயினில் அடித்த கிரீஸ் தெறித்திருப்பதை ஆயில் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள். கசிவே இல்லாமல் குறைந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக எரிகிறது என்று கொள்ளலாம்.

இந்தக் கணக்கை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் வேலைகளைக் குறிக்கும் தாளில்) எழுத வைத்து, நகல் வாங்குங்கள். “எந்த அளவு வரை குறைவதைக் கம்பெனி ஏற்கிறது” என்று எழுத்தில் கேளுங்கள். டாப்-அப் செய்த ஆயிலின் பில்லையும் பத்திரமாக வையுங்கள், தவறான ஆயில் ஊற்றினீர்கள் என்று வாரண்டியை மறுக்க முடியாது. ஃப்ரீ சர்வீஸ் எதையும் குறித்த நாளும் கிலோமீட்டரும் தாண்ட விடாதீர்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வண்டியின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.