பெட்ரோல் காரில் கூம்பு ஃபில்டர் மாட்டினால் பெங்களூரில் எமிஷன் டெஸ்ட் பாஸ் ஆகுமா? சட்டப்படி சரியா?

பாஸ் ஆகலாம். என் காரே ஆனது. அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னுடையது பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிப்படி வந்த) பெட்ரோல் ஹேட்ச்பேக். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் கம்பெனி ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி) கழற்றிவிட்டு, கூம்பு வடிவச் சிவப்பு காட்டன் ஃபில்டர் வைத்த பளபள அலுமினியக் குழாயை மாட்டிக்கொண்டேன். பதினெட்டாயிரம் ரூபாய். வீட்டில் சொன்னது எட்டாயிரம்.

மாட்டும்போது இன்ஜினிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் ஒன்று மிச்சமாகத் தொங்கியது. புதுக் குழாயில் அதைச் சேர்க்க வாயே இல்லை. கடைப் பையன் அதன் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டி ஃபில்டரைச் செருகினான். "வெறும் ஆவிதாண்ணா, ஒண்ணும் ஆகாது."

அந்த ஆவியில்தான் விஷயமே இருக்கிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு அது. எரியாத பெட்ரோலும் ஆயில் புகையும் கலந்திருக்கும். கம்பெனி அமைப்பு அதைத் திரும்ப இன்டேக்குக்குள், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் பாதைக்குள், இழுத்து எரித்துவிடும். கலிஃபோர்னியாவில் 1960-களின் தொடக்கத்தில் கார்களுக்கு வந்த முதல் மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாடே இதுதான். நான் பணம் கொடுத்து அதைக் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

எமிஷன் டெஸ்டில் இது தெரியாது. பங்க்கில் குழாயைச் செருகுவது சைலன்சரில்தானே? என் பிஎஸ்4 காருக்கு ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) என்பது வரம்பு. அதற்குள் இருந்தது, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பானெட்டைத் திறக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. புகையில் வரும் இன்னொரு மாசான நைட்ரஜன் ஆக்சைடை அந்த டெஸ்டில் அளப்பதே இல்லை.

மூன்றாவது வாரம் ஓசூர் போகும் வழியில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. என் காரில் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. பழைய குழாயின் விட்டத்தை வைத்துத்தான் அதன் கணக்கு. குழாய் அகலமானால் அதே காற்று சென்சார் மேல் மெதுவாகப் போகும், அது குறைத்துச் சொல்லும், கணினியும் பெட்ரோலைக் குறைக்கும். ஆக்சிஜன் சென்சார் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் உள்ள கலவையை ஒட்டித்தான் சரியாக வேலை செய்யும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடை அதனால் பிரிக்க முடியாது. போதாததற்கு, காட்டன் ஃபில்டருக்குத் தடவிய எண்ணெய் வேறு சென்சார் கம்பியில் படிந்திருந்தது. (காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள கார்களில் இந்த விட்டக் கணக்குத் தொல்லை கிடையாது.)

ஃபில்டர் வரும் அட்டைப்பெட்டியில் கலிஃபோர்னியா அனுமதி எண் போட்டிருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது உண்மையான விஷயம். அங்கே காற்று வள வாரியம் இப்படி மாட்டும் ஒவ்வொரு இன்டேக் கிட்டுக்கும், எந்தக் காருக்கு, எந்த வருட மாடலுக்கு என்று பார்த்து உத்தரவு எண் கொடுக்கிறது. ஸ்மாக் செக்கில் (அங்குள்ள எமிஷன் டெஸ்ட்) பானெட்டைத் திறந்து ஸ்டிக்கரையும் தேடுவார்கள். ஆனால் அந்த எண் இங்கே செல்லாது. அந்தப் பட்டியலில் உங்கள் ஊர்க் கார் இருக்கவும் வாய்ப்பில்லை.

சரி, நம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வரியும் இல்லை என்று வாதாடலாம். ஆனால் அதே சட்டத்தின் 190(2) தனியாக நிற்கிறது: காற்று மாசு, சத்தம் தொடர்பான விதிகளை மீறினால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கூம்பு ஃபில்டரின் உறுமலை எந்த டிராஃபிக் போலீஸும் தூரத்திலேயே கேட்டுவிடுவார். வாரண்டி பாக்கி இருந்தால் சர்வீஸ் சென்டரும் கையை விரிப்பார்கள்.

நான் பழைய பாக்ஸையே திரும்ப மாட்டிவிட்டேன். அதற்குள் பொருந்துகிற, துவைத்துப் போடும் பேனல் ஃபில்டர் கிடைக்கிறது. ஹோஸ், சென்சார் எதையும் தொட வேண்டாம், எண்ணெயை மட்டும் அளவாகத் தடவுங்கள். இல்லை, கூம்புதான் வேண்டும் என்றால், கடையில் விலை கேட்கும் முன் பிரீதர் ஹோஸ் எங்கே போய்ச் சேரும் என்று கேளுங்கள். குட்டி ஃபில்டரை எடுத்துக் காட்டினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.