ஓய்வுபெற்ற போலீஸ்காரருக்கு மட்டும் ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் துப்பாக்கித் தடைச் சட்டத்தை எதிர்த்து நீங்கள் எழுதியது வருத்தமாக இருந்தது. அங்குள்ள ஹைலண்ட் பார்க் நகரில் ஊர்வலத்தின்மேல் ஒருவன் சுட்டு, ஏழு உயிர்கள் போன பிறகு வந்த சட்டம் அது. காவல்துறைக்கு விலக்கு கொடுப்பது எங்கும் உள்ளதுதானே? அதையும் குறை சொல்கிறீர்களே!

க., மதுரை

அன்புள்ள க.,

என் வீட்டில் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. 2022 ஜூலை 4 அன்று ஹைலண்ட் பார்க்கில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஆனாலும் இந்தச் சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 ஜனவரியில் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்டார். ஏஆர்-15 எனும் அரைத் தானியங்கி வகைத் துப்பாக்கிகளை இனி விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 2024 ஜனவரி 1-க்குள் மாநிலப் போலீஸிடம் பதிய வேண்டும். பணியில் இருக்கும் போலீஸாருக்கு விலக்கு, சரி. சிறை அதிகாரிகளுக்கும் உண்டு, அதையும் விடுங்கள். ஓய்வுபெற்ற போலீஸாருக்கு எதற்கு? ராணுவத்தினருக்கோ பணி நேரத்திலும், பணிக்குப் போய்வரும் வழியிலும் மட்டும்தான் விலக்கு.

என் பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர். பதிவுக்கான கடைசி வாரத்தில் சாப்பாட்டு மேசையில் துணி விரித்துத் துப்பாக்கியை வைத்திருந்தார். வரிசை எண் சின்ன எழுத்தில் இருந்தது. நான் செல்போன் வெளிச்சம் பிடிக்க, அவர் ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் கணினியில் ஏற்றினார். கை நடுங்கியது. இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்த வேலையே இல்லை. வேண்டுமானால் புதிதாகவும் ஒன்று வாங்கலாம்.

போலீஸாருக்குப் பயிற்சி உண்டே என்பீர்கள். உண்மைதான். இந்த விலக்குக்குப் பத்து வருட சேவை வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வில் தேறவும் வேண்டும். சரி, அதே தேர்வை என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வைக்கட்டும். தேறினால் அவருக்கும் அதே விலக்கைக் கொடுக்கட்டும். சட்டத்தில் அதற்கு வழியே இல்லை. இந்தப் பாகுபாட்டை எதிர்த்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஆகஸ்டில் நீதிபதிகள் 4-3 என்ற கணக்கில் பிரிய, சட்டம் தப்பித்தது.

யாரை நம்பலாம் என்று அரசே ஆள் பார்த்துப் பிரிப்பது இந்த நாட்டில் புதிதல்ல. 1865-இல் மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பின மக்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1956-இல் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். இல்லினாய் சட்டம் நிறம் பார்க்கவில்லை, அது வேறு. ஆனால் இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு விலக்குப் பட்டியல் என்றாலே உறுத்தும்.

அப்புறம், ஹைலண்ட் பார்க். சுட்டவன் 2019 செப்டம்பரில் வீட்டில் இருப்பவர்களைக் கொல்லப் போவதாக மிரட்டினான். உள்ளூர் போலீஸ் வந்து 16 கத்திகளை எடுத்துப்போனது, மாநிலப் போலீஸுக்கும் தகவல் அனுப்பியது. சில மாதங்களிலேயே அவன் துப்பாக்கி அட்டைக்கு, அதாவது துப்பாக்கி வைத்திருக்க மாநிலப் போலீஸ் தரும் அனுமதிக்கு, விண்ணப்பித்தான். 21 வயது ஆகாததால் அப்பாவின் ஒப்புதல் தேவைப்பட்டது, அப்பா கையெழுத்துப் போட்டார். மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று மாநிலப் போலீஸ் அட்டையைக் கொடுத்தது. புதுச் சட்டம் வருவதற்கு முன்பே, மறுக்கும் அதிகாரம் அன்றைக்கே அவர்கள் கையில் இருந்தது.