எண்ணூர் உப்பும் சாம்பலும்: காற்றுவேகமானி கேள்வி-பதில்

வட சென்னையிலிருந்து காற்றை அளப்பது பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி எங்கள் மூன்று மாடி வீடு. கைப்பேசிச் செயலி, சராசரிக் காற்று நொடிக்கு 5 மீட்டர் என்கிறது. இதை நம்பி மொட்டைமாடியில் சிறு காற்றாலை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். செயலி காட்டுவது உங்கள் மாடியில் அளந்த காற்று அல்ல. பல கிலோமீட்டர் பரப்புக்கு, பொதுவாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு, கணினி கணித்துச் சொல்லும் எண் அது. உங்கள் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுப் படிக்கட்டு அறையும் அந்தக் கணக்கில் இல்லை.

சராசரி சரியாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நாள் முழுவதும் ஒரே சீராக 5 மீட்டர் அடித்தால் மும்மடி (5×5×5) 125. பாதி நேரம் 2 மீட்டரும் பாதி நேரம் 8 மீட்டரும் அடித்தால் சராசரி அதே 5தான். ஆனால் மும்மடிகளின் சராசரி 260, இரண்டு மடங்குக்கும் மேல்! பிற்பகலில் கடற்காற்று எழுந்து இரவில் அடங்கும் ஊரில் இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது. இதே மும்மடி, கருவியின் பிழையையும் பெருக்கும். வேகத்தை 10 சதவீதம் கூட்டிக் காட்டும் கருவி, ஆற்றலை 33 சதவீதம் கூட்டிக் காட்டும்.

ஆகவே காற்றாலை நிற்கப்போகும் அதே உயரத்தில், கைப்பிடிச் சுவரின் விளிம்பைத் தவிர்த்து, ஒரு கம்பத்தில் கிண்ண வேகமானியை, அதாவது காற்றில் சுழலும் சிறு கிண்ணங்களைக் கொண்டு வேகத்தை அளக்கும் கருவியை, நிறுத்துங்கள். பத்து நிமிடச் சராசரிகளாக ஓர் ஆண்டு பதிவு செய்யுங்கள். ஆனி மாதக் கடற்காற்றும் கார்த்திகை வாடையும் அதில் அடங்க வேண்டும். கட்டடங்களுக்கிடையே சுழன்று வரும் காற்றில் கிண்ணங்கள் சற்றே கூடுதலாகக் காட்டும். காற்று கூடும்போது சட்டென வேகம் பிடிக்கும் கிண்ணங்கள், குறையும்போது மெதுவாகத்தான் தளரும் என்பதே காரணம். அதையும் மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எண்ணூரில் எங்கள் தொழிற்சாலைக் கூரையில் உள்ள கிண்ண வேகமானி, இரண்டு ஆண்டுகளாகக் காற்று குறைந்துவருவதாகக் காட்டுகிறது. உண்மையிலேயே காற்று குறைந்துவிட்டதா?

பதில்: முதலில் கிண்ணங்களின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எண்ணூரில் கருவிகள் படும் பாடு பெரிது. கடலிலிருந்து உப்புத்துளி வருகிறது, அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து நிலக்கரித்தூளும் சாம்பலும் வருகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள, சாம்பல் அதில் ஒட்டிக்கொள்ள, பேரிங்கில் உராய்வு ஏறுகிறது.

உராய்வால் முதலில் அடிபடுவது மெல்லிய காற்றின் அளவுதான். அதிகாலையில் வேப்பிலை அசையும், கருவி பூஜ்யம் காட்டும். பலத்த காற்றில் அதே கருவி ஏறக்குறைய சரியாக இருக்கும். எனவே பதிவுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மென்காற்று நேரங்களில் மட்டும் குறைவு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் கிண்ணம் நசுங்கியிருக்கலாம், அருகே புதிதாகக் கொட்டகை எழுந்திருக்கலாம், அல்லது பதிவுக் கருவியில் யாரோ எண்ணை மாற்றியிருக்கலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கருவியை இறக்கி, ஜன்னல்கள் மூடிய அறையில் விசிறியை நிறுத்திவிட்டுக் கிண்ணங்களைக் கையால் சுழற்றுங்கள். அவை நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து, அதே வகைப் புதிய கருவியோடு ஒப்பிடுங்கள். நேரம் வெகுவாகக் குறைந்திருந்தால் பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும்.

எண்ணெய் விடாதீர்கள், தயவுசெய்து! பலரும் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் இது. சாம்பலைப் பிடித்துவைக்க எண்ணெயைவிட நல்ல பசை கிடையாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கிண்ணங்களைத் துடைத்தால் போதும். கேபிள் இணைப்பில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே உப்புநீர் இறங்கினால், கிண்ணங்கள் சுழலச் சுழலக் கருவி அனுப்பும் மின்துடிப்புகள் விடுபட்டு, காற்று குறைந்ததுபோலத் தெரியும்.

பேரிங்கையோ கிண்ணத்தையோ மாற்றினால் கருவியின் பழைய அளவுத்திருத்தச் சான்றிதழ் செல்லாது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற, காற்றுச் சுரங்க (தெரிந்த வேகத்தில் காற்றைச் செலுத்தும் குழாய்) வசதியுள்ள ஆய்வகத்தில் மறுபடி அளவுத்திருத்தம், அதாவது கருவி காட்டும் அளவைச் சரியான அளவோடு ஒப்பிடும் சோதனை, செய்யுங்கள். புதிய சான்றிதழில் துடிப்பைப் பெருக்க ஓர் எண்ணும் அதனோடு கூட்ட ஓர் எண்ணும் இருக்கும். இரண்டையும் பதிவுக் கருவியில் ஏற்றும் வரை வேலை முடியவில்லை. உங்கள் பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வதே சரி என்பேன்.

கேள்வி: ராயபுரத்தில் வசிக்கும் பொறியியல் மாணவி நான். காதுக்குக் கேட்காத ஒலியால் காற்றை அளக்கும் மீயொலி வேகமானியில் சுழலும் பாகமே இல்லையே, அதற்குப் பராமரிப்பு தேவையில்லைதானே?

பதில்: பேரிங் தொல்லை இல்லை என்பது மட்டுமே உண்மை. ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒப்பிட்டு அது வேகத்தைக் கணிக்கிறது. முனைகளில் உப்புப் படிந்தாலும், மழைத்துளி நின்றாலும், காகம் உட்கார்ந்தாலும் அளவு குழம்பும். அதற்கும் துடைப்பு வேண்டும், அளவுத்திருத்தமும் வேண்டும்.

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். எச்சரிக்கையில் காற்று 45 என்கிறார்கள், படகிலுள்ள கருவி 24 காட்டுகிறது. எது பொய்?

பதில்: இரண்டும் மெய்யாக இருக்கலாம், அண்ணே. மீனவர் எச்சரிக்கை மணிக்குக் கிலோமீட்டரில் வருகிறது. படகுக் கருவிகள் பெரும்பாலும் நாட் கணக்கில் காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்; 24 நாட் ஏறக்குறைய 44 கிலோமீட்டர் ஆகிறது. படகு ஓடும்போது அதன் வேகமும் அளவில் கலந்துவிடும், ஆகவே நிறுத்திவைத்துப் பாருங்கள். "இடையிடையே 55" என்று சொன்னால் அது சில நொடி வீச்சு. கரை திரும்பும் முடிவை அந்த எண்ணைப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலையில் பங்கு உண்டு. காற்றுக்கு ஏற்ற உற்பத்தியைவிட அதிகமாகவே கிடைப்பதாக அறிக்கை வருகிறது. மகிழலாமா?

பதில்: மகிழும் முன் வேகமானியைச் சோதிக்கச் சொல்லுங்கள். காற்றாலை உச்சிப் பெட்டியின் மேலுள்ள வேகமானி, இறக்கைகள் கலைத்துவிட்ட காற்றையே அளக்கிறது. அது தேய்ந்து வேகத்தைக் குறைத்துக் காட்டத் தொடங்கினால், "இவ்வளவு குறைந்த காற்றில் இவ்வளவு மின்சாரமா" என்று அறிக்கை புகழும். உண்மையில் நல்ல காற்று வீணாகிக்கொண்டிருக்கலாம். அருகிலுள்ள அதே வகைக் காற்றாலைகள், அதே ஆடி மாதத்தில், எத்தனை யூனிட் தந்தன என்று கேட்டு வாங்குங்கள். உங்களுடையது பின்தங்கியிருந்தால், அறிக்கையில் உள்ள சதவீதத்தை ஏற்காமல், வேகமானியின் கடைசி அளவுத்திருத்தச் சான்றிதழைத் தேதியோடு அனுப்பச் சொல்லிப் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள்.