பெருக்கணுமா, கூட்டணுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் சுற்றளவு, பரப்பளவு பாடத்தை முடித்து வகுப்புத் தேர்வு வைத்தேன். 28 பிள்ளைகளில் 26 பேர் இரண்டு கணக்கையும் சரியாகப் போட்டிருந்தார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அடுத்த வாரம் வகுப்பு அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் சரிகை ரிப்பன் ஒட்டலாம் என்று முடிவானது. பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். எவ்வளவு ரிப்பன் வாங்க வேண்டும் என்று கேட்டேன். பாதிப் பேர் 32 அடி என்றார்கள். சிலர் 24, சிலர் 12. தேர்வில் முழு மார்க் வாங்கிய ஒரு பெண் எழுந்து, "மிஸ், பெருக்கணுமா கூட்டணுமா? அத மட்டும் சொல்லுங்க, போட்டுடறேன்" என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன். "மார்க்தான் வந்துடுச்சே, அடுத்த பாடத்துக்குப் போங்க" என்றார். எனக்கு மனசு வரவில்லை. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தேர்வில் எப்படிக் கேட்பது? பெயர் வேண்டாம், ஐயா.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அடுத்த பாடத்துக்குப் போகாமல் நின்றீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம்.

அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. இதுவரை அவளுக்கு அதைச் சொல்லிவிட்டுத்தான் கணக்கைக் கொடுத்திருக்கிறோம். 'சுற்றளவு காண்க' என்று எழுதினாலே கூட்டு என்று அர்த்தம். 'பரப்பளவு காண்க' என்றால் பெருக்கு. அதற்கு மேல் மிஞ்சுவது வாய்ப்பாடுதான். உங்கள் 26 பேருக்கும் வாய்ப்பாடு நன்றாகத் தெரியும் என்பதை அந்தத் தேர்வு காட்டியது. எதைச் சுற்றுகிறோம், எதைப் பரப்புகிறோம் என்பது தெரியுமா என்று அது கேட்கவே இல்லை. ரிப்பன் கேட்டது. அதனால் உங்கள் உண்மையான தேர்வு அந்த ரிப்பன்தான்.

நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த நாட்களில் ஒரு வருடம், பக்கம் 4 செ.மீ. கொண்ட சதுரம் ஒன்றைக் கேள்வித்தாளில் போட்டு, அ பிரிவில் அதன் சுற்றளவு, ஆ பிரிவில் பரப்பளவு என்று கேட்டேன். வகுப்பே சரி. ஒரு பையனின் தாளில் மட்டும் கண் நின்றது. சுற்றளவுக்கு 4 × 4 = 16, பரப்பளவுக்கு 4 + 4 + 4 + 4 = 16. இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தான், இரண்டு விடையும் சரி! மற்ற தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வழியே எழுதாமல் 16, 16 என்று போட்டவர்கள்தான் அதிகம். அவர்களில் எத்தனை பேர் மாற்றிப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 6க்கு 3 செவ்வகமும் அப்படித்தான், இரண்டும் 18. பக்கங்கள் முழு எண்ணாக வருகிற செவ்வகங்களில் இந்த இரண்டுக்கு மட்டும்தான் அந்தக் குணம். ஆனால் எண் சின்னதாக இருக்கட்டும் என்று நாம் நினைக்கும்போது கை போய் நிற்பது இவற்றில்தான். இந்த இரண்டையும் கேள்வித்தாளில் விட்டுவிடுங்கள்.

சரி, சொல்லிக்கொடுப்பதற்கு வருகிறேன்.

இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே செவ்வகத்தை வரைந்து, அதே இரண்டு எண்களை வைத்து நடத்துகிறோம். பிள்ளை கண்ணுக்குத் தெரிவது ஒரு பெட்டி, இரண்டு எண், இரண்டு சூத்திரம். போதாததற்கு இரண்டு பெயரும் 'அளவு' என்றே முடிகின்றன. குழம்பாமல் என்ன செய்யும்? நான் இப்போது மாலையில் பழைய வண்ணாரப்பேட்டையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். முதல் வாரம் 'அளவு' என்ற சொல்லையே எடுப்பதில்லை. சுற்று, பரப்பு. இந்த இரண்டு வினைச்சொல் மட்டும்தான். காசிமேட்டுப் பிள்ளைகள் கருவாடு காயப்போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். "பாய் முழுக்கப் பரப்பு" என்றால் அந்தக் கைக்குத் தெரியும். பாயின் ஓரம் பிரியாமல் துணி வைத்துத் தைப்பது வேறு வேலை என்பதும் தெரியும். அந்தக் கைக்குத் தெரிந்ததைத் தாளுக்குக் கொண்டு வருவதுதான் நம் வேலை.

எனக்கு நன்றாகக் கைகொடுத்தது கேரம் போர்டு. நம் பக்கத்தில் அது இல்லாத தெரு ஏது? பவுடர் எங்கே போடுவாய், சட்டம் எங்கே அடித்திருக்கிறது என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் காட்டிவிடும். ஒருநாள் பூக்கட்டும் நூலைக் கொடுத்து, சட்டத்தின் உள்ளோரத்தை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னேன். மூலையில் நூல் நழுவாமல் ஒருத்தி விரலால் அழுத்திக்கொண்டாள், இன்னொருத்தி இழுத்துக்கொண்டு போனாள். சுற்றி வந்த நூலை வெட்டித் தரையில் நீட்டி டேப் வைத்தோம். 116 அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவு. அப்புறம் ஓர் அங்குலச் சதுரங்களாக அட்டையை வெட்டி, ஓரமாக ஒரே ஒரு வரிசை அடுக்கினார்கள். 29 வந்தது. "இந்த மாதிரி எத்தனை வரிசை வரும்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "அதுவும் 29தானே சார்" என்றார்கள். 29 தடவை 29, மொத்தம் 841 சதுரம். பெருக்கல் எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவர் ஆடும் போர்டும் இதே அளவா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், போட்டிகளில் ஆடும் பரப்பின் பக்கம் ஏறக்குறைய 74 செ.மீ., நம் 29 அங்குலம்தான் என்றேன். அன்றைக்கு யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

பெரியவர்கள் பேச்சிலும் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் நிலக் கணக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். சுற்றி அடைக்கிற முள்ளுக்கும் வேலி என்றே பெயர், அது அடைத்த நிலத்தின் பரப்புக்கும் வேலி என்றே பெயர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

கட்டத்தாள் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 6க்கு 4 கட்டம் வரைந்து சுற்றளவு கேட்டால் சில பிள்ளைகள் 16 என்பார்கள். தப்பு என்று சிவப்பு மை வைத்துவிடாதீர்கள். விரலைப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் கட்டங்களை எண்ணியிருக்கும். மூலைக் கட்டத்துக்கு வெளிப்பக்கம் இரண்டு. அதை ஒன்றாக எண்ணியதால் நான்கு குறைந்துவிட்டது. "எறும்பு கோட்டு மேல நடந்தா எத்தனை கோடு தாண்டும்?" என்று கேளுங்கள். 20 தானாக வரும்.

அப்புறம் தீக்குச்சி. 24 குச்சியை வளைக்காமல் ஒடிக்காமல் செவ்வகம் அடுக்கச் சொல்லுங்கள். ஒருவன் 11க்கு 1 என்று நீட்டுவான், ஒருத்தி 6க்கு 6 என்று அடுக்குவாள். உள்ளே முதலாவதில் 11 கட்டம், இரண்டாவதில் 36 கட்டம். குச்சி அதே 24. நான் ஒவ்வொரு வருடமும் செய்கிறேன், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை குச்சியைத் திரும்ப எண்ணும். அந்தத் திரும்ப எண்ணுகிற நேரத்துக்காகவே இதைச் செய்யலாம். பெரியவர்களையே ஏமாற்றிய விஷயம் இது. சுற்றளவு பெரிதாக உள்ள நிலத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, சுற்றளவு சிறிதாக, ஆனால் பரப்பு அதிகமாக உள்ளதைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, நேர்மையானவர்கள் என்ற பேரும் வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் புரோக்ளஸ் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

இதைத் திருப்பியும் போடலாம். ஒரு கிரவுண்டு 2400 சதுரடி. 60க்கு 40 மனை என்றால் சுற்றுச்சுவர் 200 அடி. அதே ஒரு கிரவுண்டு 120க்கு 20 என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டால் 280 அடி. நம் பழைய தெருக்களில் நீள வீட்டில் வளரும் பிள்ளைக்கு இதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

இனி தேர்வு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான்.

கேள்வியிலிருந்து சுற்றளவு, பரப்பளவு என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடுங்கள். முதலில் இந்த ஒன்றைச் செய்தாலே போதும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்குக் கம்பி எவ்வளவு, தரைக்கு ஓர் அடி ஓடு எத்தனை, பெட்ஷீட்டின் ஓரம் அடிக்க எவ்வளவு நாடா என்று கேளுங்கள். மூன்று மார்க் கேள்வியில் இரண்டு மார்க்கை 'இது சுற்றுவதா, பரப்புவதா, எப்படித் தெரியும்?' என்பதற்கு வைத்து, எண்ணுக்கு ஒன்று கொடுங்கள். பெருக்கலில் தடுமாறுகிற, ஆனால் எது எது என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளைக்கு முதல் தடவையாக மார்க் விழும். 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, பிறகு உங்கள் வகுப்புக்கும் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பழகியிருப்பீர்கள். இந்தக் கேள்விகளைக் கொடுத்துப் பாருங்கள். மலர் என்று நினைத்த பிள்ளை இங்கே நின்றுவிடும், அரும்பு ஒன்று சட்டென்று சொல்லிவிடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

என்னிடம் வரும் பையன் ஒருவனின் அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். 10க்கு 8 அடி அறைக்கு ஸ்கர்டிங் எத்தனை அடி என்று கேட்டிருந்தேன். தரையை ஒட்டிச் சுவரில் ஓடுமே, அந்தப் பட்டை. 36 வரவேண்டும். அவன் 33 என்று எழுதியிருந்தான். கூட்டலில் தப்பு என்று நினைத்துக் கூப்பிட்டேன்.

"எப்படிடா 33?"

"36 சார். ஆனா கதவுல எப்படி சார் ஒட்டுவாங்க? மூணு அடி விட்டுட்டேன்."

பேனாவை மூடிவிட்டேன். அவனே மேலே சொன்னான்: "எங்கப்பா தரைக்கு சதுரடிக் கணக்குல காசு வாங்குவாரு. ஸ்கர்டிங்குக்கு ரன்னிங் ஃபீட்டு. ரெண்டும் வேற ரேட்டு சார்." இந்தப் பையனுக்குப் பள்ளித் தேர்வில் இந்தப் பாடத்தில் கிடைத்தது பத்துக்கு நான்கு. சூத்திரத்தை மாற்றி எழுதிவிட்டானாம். அவன் வீட்டில் சோறு வருவதே இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். அதைக் கண்டுபிடிக்க நம் கேள்வித்தாளில் இடமே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. விடைக்குறிப்பில் 36 என்று இருந்தால் 33க்குத் தப்புப் போடுவோம். அதனால்தான் சொல்கிறேன், விடைக்குப் பக்கத்தில் பிள்ளை ஒரு வரி எழுத இடம் விடுங்கள். எழுத வராதென்றால் அருகில் கூப்பிட்டுக் கேளுங்கள். 28 பேர் என்றால் ஒரு நாளைக்கு ஏழு பேர், நான்கு நாளில் முடியும்.

விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பதும் நல்லது. சுற்றளவு 24 வருகிற மாதிரி மூன்று செவ்வகம் வரை. அல்லது 10க்கு 8 செ.மீ. தாளில் ஒரு மூலையில் 2க்கு 2 வெட்டி எடுத்தால் பரப்பு எவ்வளவு, சுற்று எவ்வளவு? பரப்பு 80லிருந்து 76 ஆகும், சுற்று அதே 36. மூலையில் வெட்டாமல் ஓரத்தின் நடுவில் வெட்டினால் பரப்பு அதே 76, சுற்று 40 ஆகிவிடும்! கத்தரிக்கோலோடு செய்ய விடுங்கள், படத்தில் மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

அந்த மூத்தவரிடம் வாதம் வேண்டாம். அவருக்கும் மேலே கணக்குக் கொடுக்க வேண்டிய நெருக்கடி இருக்கும். தேர்வுத் தாள் மூன்று, ரிப்பன் கணக்கு எழுதிய நோட்டு மூன்று, அதே பிள்ளைகளுடையது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பார்த்தால் அவருக்கே தெரியும்.

அந்த ரிப்பனை இன்னும் வாங்கவில்லை என்றால், பாதிப் பேர் சொன்ன அதே 32 அடியை வாங்கிவிடுங்கள். மிண்ட் தெருவில் பத்து மீட்டர் கேட்டால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள். மேலே 8, பக்கத்தில் 4, கீழே 8, பக்கத்தில் 4. தொடங்கிய மூலைக்கே வந்து சேரும்போது அந்தப் பெண்ணின் கையில் எட்டு அடிக்கு மேல் ரிப்பன் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.