வாசகர் வினா – விடை: கூரையில் வெயில், வீட்டுக்குள் இருள்

வினா: கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில், சென்ற ஆண்டு எங்கள் கூரையில் 5 கிலோவாற் அளவில் சோலார் பனல் பூட்டினோம். மின்பட்டியல் குறைந்தது உண்மை. ஆனால் கரண்ட் நின்றால், வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் எங்கள் வீட்டு மின்விசிறி சுழல்வதில்லை. பூட்டித் தந்தவர்கள் எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– இல்லத்தரசி, கோண்டாவில்

விடை: ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் காசு வாங்குமுன் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை அவர்கள் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவிக்கு இன்வேர்ட்டர் என்று பெயர்; உங்கள் வீட்டில் இருப்பது மின்சார சபையின் கம்பியைச் சார்ந்து இயங்கும் இன்வேர்ட்டர். அது கம்பியில் வரும் 230 வோல்ற்றையும் 50 ஹேர்ட்ஸ் அலைவையும் பார்த்து, அதற்கு இசைவாகவே தன் மின்சாரத்தைச் சேர்க்கும்; கம்பியில் மின் நின்றதும் தானும் உடனே நின்றுவிடும். அப்படி நில்லாமல் உங்கள் கூரை தொடர்ந்து கம்பிக்கு மின் ஊட்டினால், மின் இல்லை என்று நம்பித் தூணில் ஏறிய தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. ஆகையால் இது பழுதன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்ட காப்பு. மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமானால் பற்றரியும், அதனோடு இயங்கக்கூடிய வேறு வகை இன்வேர்ட்டரும் தேவை. அவ்வாறு மாற்றும்போது விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை மட்டும் தனி இணைப்பில் எடுத்து, தண்ணீர் மோட்டரையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் அதில் சேர்க்காமல் விடுங்கள்.

வினா: உயர்தரம் முடித்துவிட்டேன். சோலார் பூட்டும் வேலைக்கு மூன்று நாள் பயிற்சியும் சான்றிதழும் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். அது போதுமா?
– இளைஞர், சாவகச்சேரி

விடை: போதாது. பத்துப் பனல்களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 400 வோல்ற்று நேரோட்ட (டி.சி.) மின் உருவாகும். வெயில் இருக்கும்வரை பனலை நிறுத்த ஆளியும் கிடையாது. நேரோட்டத்தில் பொறி பற்றினால், வீட்டு மின்னில் போல் அது எளிதில் அணையாது. முதலில் தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ மின்னியலாளர் பயிற்சியை முடித்துத் தேசிய தொழில் தகைமை பெறுங்கள். அதன்மேல் சோலார் பயிற்சி எத்தனை நாளாக இருந்தாலும் பயன் தரும்.

வினா: எங்கள் சனசமூக நிலையத்தில் ஊரவர்களுக்குச் சூரிய மின்சாரம் பற்றியும் சிக்கன வாழ்வு பற்றியும் ஞாயிறு தோறும் வகுப்பு நடத்த எண்ணுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? பனல் விற்பவர்களை அழைத்துப் பேசச் செய்யலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

விடை: விற்பவர்களைக் கடைசி வாரத்தில் அழையுங்கள், ஐயா, அதற்குள் கேட்கவேண்டிய கேள்விகள் உங்கள் ஊரவர்களிடம் உருவாகியிருக்கும். முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மின்பட்டியலுடன் வரட்டும். 60 வாற் பழைய மின்குமிழ் ஐந்து மணி நேரம் எரிந்தால் 300 வாற்-மணி. அதே வெளிச்சத்தை ஏறக்குறையத் தரும் 9 வாற் எல்.ஈ.டி. குமிழுக்கு 45 மட்டுமே. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய பிறகு பற்றரிக்கு வாருங்கள். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் இருப்பது 1200 வாற்-மணி. அது நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. மூன்று எல்.ஈ.டி. குமிழ்களை நான்கு மணி நேரமும், 60 வாற் மின்விசிறிகள் இரண்டை ஆறு மணி நேரமும் பாவித்தால் 828 ஆகிவிடும். விடியுமுன் பற்றரி களைத்துவிடும். மின்விசிறிகளை 30 வாற் வகைக்கு மாற்றினால் 468. அதே பற்றரி போதும். பனலைப் பற்றிப் பேச்செடுக்குமுன்பே பாதிச் செலவு இங்கே மிச்சமாகிவிடுகிறது.

இந்த வகுப்புக்கு முதியவர்களையும் கட்டாயம் அழையுங்கள். 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் அவர்களே. அந்த டைனமோ தந்தது மூன்று வாற் அளவுதான். ஒரு வாற் என்பது எவ்வளவு உழைப்பு என்று கைகால் நோக அறிந்தவர்களைவிட நல்ல விரிவுரையாளர்கள் கிடைக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு முற்றத்தில் ஒரு கம்பை நட்டு மத்தியான நிழலை அளக்கக் கொடுங்கள். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வர, நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் சற்று வடக்கே நிற்கும். ஆண்டின் எஞ்சிய பெரும்பகுதியில் தெற்கே நிற்கும். பனலைத் தெற்கு நோக்கிப் பத்துப் பாகையளவு சரித்து வைப்பதன் காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பனையின் நிழல் ஒரு பனலின் மூலையில் விழுந்தாலும் தொடரின் உற்பத்தி குறையும் என்பதையும் அப்போதே காட்டலாம். பனல் கழுவுவதற்கும் ஒரு பாடம் ஒதுக்குங்கள்: நமது கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது, சூடான பனலில் அதை ஊற்றிக் காயவிட்டால் வெள்ளைப் படிவு ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில், இயன்றால் சேமித்த மழைநீரில் கழுவித் துடைப்பதே நல்லது.

இன்னொன்று நேரம் பற்றியது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், நாட்டின் மின்தேவை குறைந்திருந்த வேளையில், கூரைச் சோலார் அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. மத்தியானத்தில் மிஞ்சும் மின் இரவில் போதாமல் போவதே இதிலுள்ள சிக்கல். தண்ணீர் ஏற்றுவதையும் உடுப்புத் தோய்ப்பதையும் பகலுக்கு மாற்றுவது செலவில்லாத சிக்கனம்.

வினா: வெங்காயத் தோட்டத்துக்குச் சோலார் பம்பி பூட்டலாமா?
– விவசாயி, உரும்பிராய்

விடை: பூட்டலாம். 1000 லீற்றர் நீரை 10 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 27 வாற்-மணிதான் வேண்டும். பம்பியின் இழப்பைச் சேர்த்தாலும் அதன் மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும். எனது அச்சம் வேறு. எண்ணெய் மோட்டரில் இறைத்தபோது எண்ணெயின் விலையே உங்கள் கையைத் தடுத்தது. வெயிலுக்கு விலையில்லை என்பதால் பம்பி நாள் முழுதும் ஓடும். நமது சுண்ணக்கல் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீற்றர் தாழ்ந்தால் கீழிருந்து உப்பு அதே விகிதத்தில் ஏறி வரும். ஆகவே சிறிய பம்பியாக வாங்கி, தொட்டியில் நிரப்பி, சொட்டு நீர்க் குழாயால் பாய்ச்சுங்கள். முடிச்சிட்ட கயிறொன்றால் காலையிலும் மாலையிலும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். மாலையில் தாழ்ந்த மட்டம் மறுநாள் காலையில் பழைய முடிச்சுக்குத் திரும்பவில்லையென்றால், அன்று பம்பியைப் போடாதீர்கள்.