பவளத் தொட்டியில் பாசி: மருந்துக்கு முன் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள்

மண்டபத்தில் வீட்டிலேயே பவளத் தொட்டி வைத்திருக்கும் நீங்கள், பாறை முழுவதும் பச்சை முடிப்பாசி படர்ந்திருந்தும் டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் காட்டுவதாகச் சொல்லி, மருந்து ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பாசிக்குச் சத்தான பாஸ்பேட்டை அதுவே உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் கிட்டில் தெரிவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மருந்தால் பாசி செத்தாலும், அது உறிஞ்சிய சத்து அழுகித் தண்ணீருக்கே திரும்பும் என்பதால், சத்து நுழையும் வழியை அடைப்பதுதான் முதல் வேலை.

நம் பகுதியில் அந்த வழி பெரும்பாலும், ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக அன்றாடம் ஊற்றும் நன்னீர்தான் என்பது என் கணிப்பு. ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது. ஊற்றும் நீரில் வந்த நைட்ரேட்டும் சிலிகேட்டும் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகின்றன. உவர்ப்பான போர் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. நீர் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல கருவிகளில், குடிக்கச் சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காக, டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) கன்ட்ரோலர் என்ற சிறு திருகு வழியாக ஆர்.ஓ. சவ்வைக் கடக்காத நீரும் கொஞ்சம் கலக்கப்படுகிறது. டி.டி.எஸ். மீட்டரை அந்த நீரில் நனைத்துப் பாருங்கள்: 60, 80 என்று காட்டினால் அது குடிப்பதற்குத்தான் ஆகும். அந்தத் திருகை முழுவதும் மூடி, கடைசியில் மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாயை இணைத்து, 0 காட்டும் நீரையே தொட்டிக்கு ஊற்றுங்கள்.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கரையோரத்தில் மொண்டு வருவதையும் நான் ஏற்பதில்லை. வாடைக் காலத்தில் கலங்கிக் கிடக்கும் பாக் விரிகுடா நீர் பாசிக்கு விருந்து. பவளக் கல்லை எடுத்துவந்து போடவும் வேண்டாம்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, கல்லில் ஏறியிருக்கும் பாஸ்பேட் மெல்ல மெல்லக் கசியும்.

ஏற்கெனவே வளர்ந்திருப்பதைக் கையால்தான் எடுக்க வேண்டும். பல்துலக்கும் பிரஷ்ஷை மெல்லிய டியூபின் நுனியோடு சேர்த்துக் கட்டி, நீர் வாளிக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே தேய்த்தால், பிய்ந்த இழைகள் தொட்டியில் சிதறாமல் வெளியேறிவிடும். அதன்பின் வரும் தளிரை டர்போ நத்தைகள் பார்த்துக்கொள்ளும்; நீண்ட இழைகளை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. சம்ப்பில் (தொட்டி நீர் சுழன்று வரும் துணைத் தொட்டி) கீட்டோமார்ஃபா என்ற பாசியை வளர்த்து இரவில் விளக்கெரித்து, அவ்வப்போது அறுத்து வெளியேற்றினால், சத்தும் அதோடு வெளியேறும்.

பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்களை மட்டும் அளவோடு போடுங்கள். பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையிலும், நைட்ரேட் 5 பி.பி.எம். அளவிலும் இருந்தால் பவளத்துக்கு நல்லது. பாசி ஒழிந்த பிறகும் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால், குமிழிகளோடு பழுப்புச் சளி போல டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கிளம்பக்கூடும். சந்தேகமாக இருந்தால், அந்தச் சளியைத் தொட்டி நீரோடு ஒரு புட்டியில் போட்டுக் குலுக்கி, தாளில் வடிகட்டி, தெளிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடியும் இழையிழையாகத் திரண்டால் பெரும்பாலும் அதுதான். உடனே துகள்களை எடுத்துவிட்டு, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் ஏற விட வேண்டும்.