ஐந்து பெட்டியா, இரண்டு பெட்டியா? பட்ஜெட் ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

அசெம்பிள் செட் காலத்திலிருந்து சால்டரிங் அயர்னும் கையுமாக இருப்பவன் நான். ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்திருக்கிறேன். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திண்டுக்கல்: அண்ணா, ஹால் 10க்கு 14 அடி. கையில் 20,000 ரூபாய். கடைக்காரர் ஆளுயர டவரோடு 5.1 செட்டை 12,000க்குத் தருகிறேன் என்கிறார். மிச்சப் பணத்தில் ஸ்டாண்டும் வாங்கிவிடலாமாம். வாங்கட்டுமா?

தம்பி, ஒரு சின்ன வகுத்தல் போடுங்கள். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், கனத்த பாஸ் ஒலிக்கு ஒரு சப்வூஃபர், உள்ளே சத்தத்தைப் பெருக்க ஒரு ஆம்ப். மொத்தம் ஏழு. 12,000ஐ ஏழால் வகுத்தால் ஒன்றுக்கு 1,700 சொச்சம். அதில் மரப்பெட்டி, அட்டைப்பெட்டி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் போக, ஸ்பீக்கருக்கு என்று என்ன மிஞ்சும்?

கடையில் முன்பக்க வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை ரிப்பேருக்கு வந்த டவரில் வெளியே மூன்று வட்டம் தெரிந்தது. பிரித்தால் கோன் ஒன்றுதான். மற்ற இரண்டும் பளபளப்பான பிளாஸ்டிக் வளையம், பின்னால் ஒயரே இல்லை. கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டே பெட்டி வாங்குவேன். உள்ளேயே ஆம்ப் இருக்கும் பவர்டு புக்‌ஷெல்ஃப் ஜோடி. எடிஃபையர் ஆர்1280டிபி மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 21 வாட், 4 இஞ்ச் வூஃபர், டிவியிலிருந்து ஒளி வழியாகச் சத்தத்தை வாங்கும் ஆப்டிகல் இன்புட். காகிதத்தில் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த ஹாலுக்குப் போதும். அதிலேயே பெயரின் கடைசியில் 'எஸ்' சேர்ந்த மாடலில் சப் அவுட் உண்டு. பொங்கல் போனஸ் வரும்போது ஒரு சப்வூஃபர் மாட்டிக்கொள்ளலாம். ஐந்து பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்றால் பணம் சேரும் வரை பொறுங்கள். ஐந்து ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப் பெட்டிக்கு ஏவிஆர் என்று பெயர். உருப்படியான 5.1 ஏவிஆர் மட்டுமே புதிதாக இருபதாயிரத்தைத் தாண்டிவிடும்.

மதுரை: என் செட்டில் 8000 வாட் பிஎம்பிஓ என்று எழுதியிருக்கிறது. அண்ணன் வாங்கிய ஏவிஆரில் 70 வாட்தான். ஆனால் அவனுடையதுதான் அதிரடியாகக் கேட்கிறது. எப்படி சார்?

பிஎம்பிஓ என்பது ஸ்டிக்கர் அடிக்கிறவர் மனம்போல் போடும் நம்பர். உங்கள் செட்டின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், மின்சாரம் எத்தனை வாட் இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் 50, 60 என்று போட்டிருப்பார்கள். சுவரிலிருந்து 60 வாட் எடுத்து 8000 வாட் கொடுக்கும் பெட்டி இருந்தால் அதை மின்வாரியத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

திறக்கத் தெரிந்தால் டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். 12-0-12, 3 ஆம்பியர் என்று இருந்தால் 24ஐ 3ஆல் பெருக்குங்கள். 72 வாட். உள்ளே எந்த போர்டு இருந்தாலும் அதற்கு மேல் தொடர்ந்து தர முடியாது. நம் ஊரில் ஆட்டோ, டீக்கடை எங்கும் ஓடிய 4440 என்ற ஆம்ப் ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் பண்ணினால் 19. அதை வைத்தே தெருவுக்குப் பாட்டு போட்டவர்கள் நாம்.

எப்படி முடிந்தது என்றால், அந்த ஸ்பீக்கர்களின் சென்சிட்டிவிட்டி அதிகம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்ற கணக்கு அது. 3 டெசிபல் கூடினால் பாதி வாட் போதும். 85 டெசிபல் பெட்டி 40 வாட்டில் தரும் சத்தத்தை 91 டெசிபல் பெட்டி 10 வாட்டிலேயே தந்துவிடும். வாங்கும்போது ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரும் வாட்), சென்சிட்டிவிட்டி, ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) இந்த மூன்றையும் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வேறு கடை பார்க்கலாம்.

ஈரோடு: அண்ணா, டிவியில் வசனமே புரிவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசை காதைக் கிழிக்கிறது. மாமனார் ரிமோட்டைக் கையைவிட்டு வைப்பதே இல்லை. சவுண்ட்பார் வாங்கினால் சரியாகுமா?

பாதி சரியாகும் அம்மா. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். குரல் சுவரில் முட்டிவிட்டு வருகிறது. உங்களை நோக்கி இருக்கும் எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் வித்தியாசம் தெரியும். வாங்கினால் சென்டர் ஸ்பீக்கர் தனியாக உள்ள சவுண்ட்பார் வாங்குங்கள். 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வரும், அதை மட்டும் தனியாக ஒன்றிரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். மெனுவில் 'நைட் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள், வெடிச்சத்தம் அடங்கி பேச்சு மேலே வரும்.

மீதிப் பாதி உங்கள் ஹாலில் இருக்கிறது. நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று திரும்பி வருகிறதா? டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் 'ச'வும் 'ஸ'வும் ஒன்றோடொன்று கலங்கிவிடும். பவானி ஜமக்காளம் உங்கள் பக்கத்து ஊரில்தானே கிடைக்கிறது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒன்றை இரண்டாக மடித்து விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஸ்பீக்கர் வாங்கும் முன் இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

இன்னொன்று. ஏற்கெனவே 5.1 செட் இருந்து சென்டர் மட்டும் செத்துப் போயிருந்தால், செட்டிங்கில் சென்டர் 'இல்லை' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் வசனம் போக இடமில்லாமல் தொலைந்துவிடும். இந்த ஒரே காரணத்துக்காகப் புது செட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

தஞ்சாவூர்: ஆப்டிகல் ஒயர் போட்டேன், சிவப்பு விளக்கு தெரிகிறது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் போச்சா?

போகவில்லை. டிவி டால்பி சிக்னலை அனுப்புகிறது, உங்கள் ஸ்டீரியோ ஸ்பீக்கருக்கு அது புரியவில்லை. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்ற இடத்தில் 'பிசிஎம்' போடுங்கள், அது சாதாரண ஸ்டீரியோ சிக்னல்.

கோயம்புத்தூர்: அபார்ட்மென்ட். சப்வூஃபரை மூலையில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். மூலையிலிருந்து எடுத்தால் சோபாவில் பாஸே இல்லை.

இது சப்வூஃபரின் குற்றம் இல்லை, அறையின் குணம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3 மீட்டர், அதாவது 10 அடி இருந்தால் 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பாஸ் அலை அங்கே நின்றுவிடும். சில இடத்தில் அது இரட்டிப்பாகும், சில இடத்தில் காணாமல் போகும். உங்கள் சோபா காணாமல் போகும் இடத்தில் இருக்கிறது.

வழி சுலபம், பார்க்கத்தான் சிரிப்பாக இருக்கும். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபா மேல் வையுங்கள். பாஸ் கிட்டார் ஒரே சீராக ஓடும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு தரையில் தவழ்ந்து, சுவர் ஓரமாக ஒவ்வோர் இடமாகக் காதை வைத்துக் கேளுங்கள். எங்கே எல்லா சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை இறக்கி வையுங்கள். நான் தவழ்ந்தபோது வீட்டில் போட்டோ எடுத்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் டிவிக்குப் பக்கவாட்டில், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி ஓர் இடம் கிடைத்தது. அதற்கப்புறம் வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் பாஸ் முன்பைவிட நன்றாக இருந்தது. எந்த ஒலி வரை சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் ஆரம்பியுங்கள். அடியில் கனமான ரப்பர் மேட் போட்டால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவது நிற்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள், நமக்கும் அவர் வேண்டும்.

திருச்சி: அப்பா 90களில் வாங்கிய இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் பரணில் கிடக்கிறது. கோனைச் சுற்றி இருக்கும் ஸ்பாஞ்ச் தொட்டாலே பொடியாகிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?

அய்யோ, வேண்டாம். கெட்டது ஓரத்து ஃபோம் மட்டும்தான். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது பொடியாவது சகஜம். கோனின் நடுவில் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அமுக்குங்கள். கரகரவென்று உரசாமல் உள்ளே போய் வந்தால் கோனை அசைக்கும் செம்புச் சுருளான வாய்ஸ் காயில் நன்றாக இருக்கிறது. மல்டிமீட்டரில் 6 ஓம் பக்கம் காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3 பக்கம் காட்டினால் 4 ஓம். ஆம்ப் 4 ஓமைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது வளையம் ஒட்டித் தரும் ரிப்பேர்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னைக்கு வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரியுங்கள். ஃபோமுக்குப் பதில் ரப்பர் வளையம் சிலர் சொல்வார்கள். அது கனமானது, ஒலியின் குணம் மாறலாம்.

மாட்டும்போது ப்ளஸ் மைனஸ் குழம்பினால் ஒரு பென்சில் செல்லை எடுத்து ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் செல்லின் ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ். ஒரு பெட்டி நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் மாட்டினால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

விருதுநகர்: ஒயருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கொஞ்சம்தான். 1.5 சதுர மில்லிமீட்டர், முழுச் செம்பு. செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் வேண்டாம், நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். தங்க முலாம், பாம்புத்தோல் மாதிரி உறை, இதற்கெல்லாம் வைத்திருக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

சேலம்: ஐந்து ஸ்பீக்கரையும் டிவி ஷோகேஸிலேயே அடுக்கியிருக்கிறோம். தப்பா?

தப்பு என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், பாதி தமிழ்நாடு அப்படித்தான் வைத்திருக்கிறது. பின் ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவின் இருபக்கமும், கொஞ்சம் பின்னால் தள்ளி, உட்கார்ந்தால் காதுக்கு ஓரடி மேலே வருகிற மாதிரி சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் நேர் பக்கச் சுவரே போதும். ஒயர் இழுக்க முடியாது என்றால் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, செட்டிங்கிலும் 'இல்லை' போட்டு, முன்னால் மூன்றோடு படம் பாருங்கள். இன்னும் நன்றாக இருக்கும்.

சென்னை: கடையில் எதைப் போட்டுக் கேட்டு முடிவு செய்வது? அவர்கள் வெடிகுண்டு சீன் மட்டுமே போடுகிறார்கள்.

வெடிகுண்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் வெடிக்கும். போனில் செய்தி வாசிப்பு ஒன்றை எடுத்துப் போங்கள். பாஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில் வைத்து, சத்தத்தைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். மழை, மலை, மளிகை இதில் வரும் ழ, ல, ள மூன்றும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். அப்புறம் உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு, முழுசாக. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் நடுவில் வந்து பாஸைத் திருகினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.